ஏழாம் நம்பர் துளையும் எம்பாரும்

எம்பார் மண் தின்பவர் என்று திருவள்ளூரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய் இல்லை. ஆனால் அவர் தின்பதில்லை, மென்று பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார். இந்த வித்தியாசத்தை அவர் மனைவி வைஜயந்தி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அவளுக்கு விஷயம் தெரியவந்தது அறுபத்தைந்தாம் வருஷம். கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லையில் வாழைக்கன்று வைக்கக் குழி வெட்டிப் போட்டிருந்தார்கள். எம்பார் குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்தார். விரலில் தேய்த்தார், முகர்ந்தார், பிறகு முன்பற்களுக்கு நடுவில் வைத்து நெரித்தார். துணி உலர்த்திக்கொண்டிருந்த வைஜயந்தி ஈரப் புடவையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

“என்ன பண்றேள்?”

“வண்டலா களியான்னு பார்க்கறேன். பல்லுல நறநறன்னா வண்டல். வழுவழுன்னு போனா களி.”

“காலம்பர என் சாத்தமுதுல உப்பு கூடன்னு சொன்னது இந்த நாக்குதானா?”

எம்பார் மண்ணைத் துப்பினார். “இதுக்கு நாக்கு வேண்டாம். பல்லுதான்,” என்றார்.

அடுத்த வாரத்துக்குள் கோயிலைச் சுற்றி நாலு வீதிக்கும் சேதி போய்விட்டது. மாப்பிள்ளைக்கு ஏதோ குறை இருக்கிறது, அதை மறைத்துக் கல்யாணம் செய்துவிட்டார்கள் என்று வைஜயந்தியின் தகப்பனார் காஞ்சிபுரத்திலிருந்து வந்து விசாரித்தார். அது குறை இல்லை, உத்தியோகம் என்று அவருக்குப் புரிய வைக்க எம்பாருக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று.

உத்தியோகம்தான். மெட்ராஸில் ஒரு மண் ஆய்வுக் கம்பெனி. அதில் நான் டைப்பிஸ்ட், பெயர் கோபால். எம்பார் மண்ணை வர்ணிப்பவர். தொழிற்சாலையோ பாலமோ கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் நாலைந்து துளை போட்டுக் கீழேயிருந்து மண்ணை எடுப்பார்கள். எத்தனை மீட்டரில் என்ன மண், என்ன நிறம், இறுக்கமா தளர்வா என்று ஒருவர் பக்கத்தில் நின்று எழுத வேண்டும். அந்த எழுத்தை வைத்துத்தான் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று இன்ஜினீயர்கள் கணக்குப் போடுவார்கள். கட்டடம் நிற்பது கம்பியிலும் சிமெண்டிலும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது எம்பார் மாதிரி ஒருவர் எழுதிய நாலு வரியின் மேல் நிற்கிறது.

எம்பாரின் அப்பாவும் இரண்டு அண்ணன்களும் வீரராகவப் பெருமாள் சந்நிதியில் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவிப்பவர்கள். மூன்றாவது பிள்ளையான இவருக்குக் குரல் அமையவில்லை. வாய் திறந்தால் முன்வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் ஞாபகம் மட்டும் அபாரம். யாராவது ஓர் எழுத்தை விழுங்கினால் நிறுத்திச் சொல்லுவார், அவர் எண்பது வயதுப் பெரியவராக இருந்தாலும். பாடத் தெரியாமல் பிழை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவனை எந்தக் கோஷ்டியும் ரொம்ப நாள் தாங்காது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும், வெளியூரில் ஏதாவது வேலை பார்த்துக்கொள்ளலாமே என்று எல்லோரும் அன்போடு சொன்னார்கள். அறுபத்து மூன்றில் எங்கள் கம்பெனியில் சேர்ந்தார்.

எங்கள் முதலாளியும் தலைமை இன்ஜினீயரும் ஒருவரே. ராமஸ்வாமி. நல்ல படிப்பு, நல்ல இங்கிலீஷ், வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்குப் பார்க்க முடியாது. மண் ஆய்வுக் கம்பெனி நடத்துபவர் மேல் மண்ணே படாமல் இருந்தது எனக்கு ஆரம்பத்தில் ஆச்சரியமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

எம்பார் முதன்முதலில் எழுதிக் கொடுத்த தாளை நான் படித்திருக்கிறேன். ஆவடிப் பக்கம் ஒரு ஷெட்டுக்காகப் போட்ட துளை. முதல் மீட்டரில் இருந்த மண்ணின் நிறத்தை, ‘மோரில் பெருங்காயம் கரைத்தது போல’ என்று எழுதியிருந்தார். மூன்றாவது மீட்டரில், ‘இட்லி மாவு பதம், ஆனால் உளுந்து குறைவு.’ நாலரையில், ‘விரலால் அழுத்தினால் குழி விழுகிறது, குழி நிரம்ப நேரம் ஆகிறது, நிரம்புகிற தண்ணீர் துரு வாசனை.’ நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் படித்து முடித்தபோது அந்த மண் என் கையில் இருப்பது போல இருந்தது. வேறெந்த ரிப்போர்ட்டைப் படித்தும் எனக்கு அப்படி இருந்ததில்லை.

ராமஸ்வாமி அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“ஓய், நம்மகிட்ட பன்னிரண்டு வார்த்தை இருக்கு. அந்தப் பன்னிரண்டுக்கு வெளியில மண்ணே கிடையாது. எந்த மண்ணானாலும் அதுக்குள்ள வந்துதான் ஆகணும். புரிஞ்சுதா?”

பன்னிரண்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். எம்பார் அதை மனப்பாடம் செய்துகொண்டார். அதற்குப் பிறகு பன்னிரண்டுக்குள்ளேயே எழுதினார், தாளின் ஓரத்தில் ‘குறிப்பு’ என்று இருந்த குறுகலான கட்டத்தைத் தவிர. அந்தக் கட்டத்தை மட்டும் அவரால் சும்மா விட முடியவில்லை.

அந்தப் பன்னிரண்டில் எங்களுக்கு மிகவும் வேண்டிய வார்த்தை ‘மீடியம்’. ‘கெட்டி’ என்று எழுதிவிட்டு மண் இளகியிருந்தால் வம்பு. ‘இளகல்’ என்று எழுதினால் கட்டுகிறவருக்குச் செலவு, அடுத்த முறை நம்மிடம் வரமாட்டார். ‘மீடியம்’ என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. அம்பத்தூரிலிருந்து எண்ணூர் வரை பத்து வருஷத்தில் எத்தனையோ இடத்து மண்ணை நான் மீடியமாக டைப் அடித்திருக்கிறேன். என் மெஷினில் எம் எழுத்துதான் முதலில் தேய்ந்தது.

எழுபத்து நாலில் கும்மிடிப்பூண்டி வேலை வந்தது. ரயிலடிக்கு மேற்கே தொழிற்பேட்டைக்காகத் திடல் திடலாக நிலத்தைச் சமப்படுத்தி வைத்திருந்தார்கள். அதில் ஒரு பெரிய மனையில் லாரிகளுக்குச் சக்கர அச்சு அடிக்கும் தொழிற்சாலை வருவதாக இருந்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடித்து உருவாக்க ஒரு ராட்சதச் சம்மட்டி மெஷின் கப்பலில் வந்துகொண்டிருந்தது. அதன் எடையைக் கேட்டு எங்கள் ஆபீஸே வாயைப் பிளந்தது.

சம்மட்டி நிற்க வேண்டிய இடத்தில் பூமி பூஜை முடிந்திருந்தது. ஜோசியர் குறித்த மூலை, வேதம் ஓதி, செங்கல் வைத்து, போட்டோ எடுத்து, பத்திரிகையிலும் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மண்ணைப் பார்க்க எங்களைக் கூப்பிட்டார்கள். எல்லா வேலையிலும் அதுதான் முறை. பூஜை போட்ட இடம் மாறாது, வரைபடம் மாறாது, மெஷின் மாறாது. மாறக்கூடியது மண் ஒன்றுதான்.

துளை போடும் கூட்டத்துக்கு மேஸ்திரி ஆசீர்வாதம். அந்தப் பக்கத்து ஆள்தான். அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. ஆசீர்வாதம் கொஞ்ச நாள் ஏற்றம் இறைத்து, பிறகு கிணறு வெட்டி, பிறகு எங்களிடம் வந்தவர். மூன்று இரும்புக் கால்களை நட்டு, உச்சியில் கப்பி மாட்டி, கயிற்றில் கம்பியை இறக்குவார்கள். ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை ஒரு சோதனை. கம்பியின் தலையில் அறுபத்து மூன்றரைக் கிலோ சம்மட்டியைத் தூக்கித் தூக்கிப் போட வேண்டும். கம்பி முப்பது சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ணி எழுத வேண்டும். முப்பது அடி விழுந்தால் மண் உறுதி. நாலு அடியில் இறங்கினால் ஆபத்து.

மூன்று கால் நட்ட அன்றைக்கே ஊர்ப் பெண்கள் குடத்தோடு வந்து நின்றுவிட்டார்கள். போர் போட்டால் தண்ணீர் வரும் என்பது அவர்கள் கணக்கு. முதல் ஆறு துளையிலும் தண்ணீர் வந்தது, மண் எடுத்ததும் இவர்கள் மூடிவிட்டார்கள். ஏழாம் நம்பர் துளைக்கு கெங்கம்மாள் மட்டும் மிஞ்சினாள். அங்கே நாலு எருமை வைத்திருந்தவள், அறுபது வயதுக்காரி. அன்று நடந்ததை ஆசீர்வாதம் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அது சம்மட்டி மெஷின் நிற்க வேண்டிய இடம். பூஜைச் செங்கல்லுக்கு ஐந்தடி தள்ளி. மேலே நாலு மீட்டர்வரை கொட்டி நிரப்பிய செம்மண்ணும் மணலும். ஆறாவது மீட்டரில் கம்பியை நிறுத்திச் சம்மட்டியை அதன் தலையில் வைத்தார்கள். கயிற்றை இன்னும் யாரும் இழுக்கவில்லை. கம்பி தன்னால் இறங்கிப் போயிற்று, வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி.

எம்பார் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “எத்தனை அடி?” என்றார்.

“அடியே உழல சாமி. தானா பூட்ச்சி.”

“அப்ப சைபர்.”

“சைபர்னு எழுதினீங்கன்னா அய்யா பேஜாரு பண்ணுவாரு. நா வேணா ரெண்டு தபா தட்டிடறேன். ரெண்டுன்னு எழுதிக்கலாம்.”

“நீ தட்டறதுக்கு முன்னாடியே போயிடுத்தே. இனிமே தட்டினா அது வேற மண்ணுக்குன்னா அடி.”

ஏழரை மீட்டரிலும் சைபர். ஒன்பதிலும் சைபர். குழாயில் வந்த மண் கறுப்பாக, மினுமினுப்பாக, உள்ளே சின்னச் சின்னக் கிளிஞ்சலோடு இருந்தது. எம்பார் ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லில் வைத்தார். ஓரமாக நின்ற கெங்கம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

“இன்னா நைனா, நாஷ்டா ஆவலியா?”

“மண் பார்க்கறேம்மா. கீழ என்ன இருக்குன்னு தெரியணும்.”

“என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. இது ஏரிக்கோடி. எங்க மாமியா காலத்துல இங்க மீனு புடிப்பாங்கோ. எங்க எரும ஒண்ணு சேத்துல பூந்துட்டு, கொம்பு மட்டும் தெரிஞ்சிகினு இருந்திச்சி. நாலு ஆம்பளைங்க கயிறு கட்டி இஸ்தும் வர்ல. அங்கியே பூட்ச்சி.”

“எந்த இடத்துல?”

“நீ நிக்கிறியே, அங்கதான்.”

எம்பார் இரண்டு எட்டு தள்ளி நின்றுகொண்டார். பிறகு குறிப்புக் கட்டத்தில் இங்கிலீஷில் எழுதினார்: ‘முன்பு ஏரி. இவ்விடத்தில் எருமை ஒன்று மூழ்கி மீளவில்லை. தகவல்: கெங்கம்மாள்.’

அந்தத் தாள் ஆபீசுக்கு வந்தபோது ராமஸ்வாமி அதை இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை சத்தமாகப் படித்தார்.

“எந்த ஸ்டாண்டர்டு புஸ்தகத்துல ஓய் இந்தக் கெங்கம்மாள் இருக்கா? எத்தனையாவது பக்கம்?”

“புஸ்தகத்துல இல்லை. அங்கதான் இருக்கா. போனா பார்க்கலாம்.”

“சரி, எருமையை விடும். இந்தச் சைபர் என்ன? மூணு சைபர். கிளையண்ட் பார்த்தா மயக்கம் போட்டு விழுந்துடுவார். மெஷின் கப்பல் ஏறியாச்சு. பூஜை போட்டாச்சு. இப்பப் போய்ச் சைபர்னா?”

“அடி விழலை சார்.”

“சைபர்ங்கறது ஒரு நம்பரே இல்லை ஓய். அளந்தேன்னா ஏதாவது வந்திருக்கணும். ஒண்ணும் வரலைன்னா நீர் அளக்கலைன்னு அர்த்தம். பத்துன்னு போட்டு மீடியம்னு எழுதிக் கொண்டுவாரும்.”

எம்பார் தாளை வாங்கிக்கொண்டு தன் மேஜைக்குப் போனார். பேனாவைத் திறந்தார். மத்தியானம் மூன்று மணிவரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் வீராவேசமாக எதுவும் பேசவில்லை. ராஜினாமா செய்வேன் என்று மிரட்டவில்லை. மூன்று மணிக்குத் தாளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்து, “கை வரலை சார்,” என்றார். அவ்வளவுதான். ஓர் எழுத்தை மாற்றிச் சொன்னால் பாவம் என்று ஏழு தலைமுறையாகச் சொல்லி வளர்த்த வீட்டில் பிறந்தவர். குரல் அவருக்கு வரவில்லை, இது மட்டும் தப்பாமல் வந்திருந்தது.

ராமஸ்வாமி என்னைக் கூப்பிட்டார். ஸ்டென்சில் ஏற்கெனவே தயாராக இருந்தது. “கோபால், மூணு இடத்துல ஒரு ஒண்ணு விட்டுப் போச்சு. சேர்த்துடு,” என்றார். நான் சேர்த்தேன். சைபருக்கு முன்னால் ஒன்று, சைபருக்கு முன்னால் ஒன்று, சைபருக்கு முன்னால் ஒன்று. அரை நிமிஷ வேலை. ‘மிக இளகிய’ என்பதை மீடியம் ஆக்கக் கொஞ்சம் வெள்ளைத் திரவம் தேவைப்பட்டது. குறிப்புக் கட்டத்தில் இருந்த எருமையை அடியோடு எடுத்துவிட்டேன். எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள், மூன்றாவது வரப்போகிறது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் ஏன் கை வந்தது என்பதற்குச் சொல்கிறேன்.

மறுநாள் எம்பார் ஆபீஸ் பிரதியைப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

“இந்த ஒண்ணெல்லாம் நீர் அடிச்சதா கோபால்?”

“ஆமாம். சார் சொன்னார்.”

“அது எனக்குத் தெரியறது. மண்ணுக்குத் தெரியாதே.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். விசாரிக்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் அவர் தொழிற்சாலைக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பினார். ‘தாங்கள் சம்மட்டி வைக்கப்போகும் இடத்தில் ஆறு மீட்டருக்குக் கீழே மூன்று மீட்டர் கனத்துக்கு மண் இல்லை என்றே கொள்ளவும். இருப்பது கரைத்த களி.’ கீழே கையெழுத்தும் திருவள்ளூர் விலாசமும். பத்து நாளில் அச்சடித்த பதில் வந்தது: தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது. தொழிற்சாலை அதை முறைப்படி பரிசீலித்து, ‘தகுந்த நடவடிக்கைக்காக’ என்று மேலே எழுதி, ராமஸ்வாமிக்கே அனுப்பி வைத்தது. அவரும் தகுந்த நடவடிக்கை எடுத்தார். எம்பாரை வர்ணனை வேலையிலிருந்து எடுத்து, ஆபீசுக்குப் பின்னால் இருந்த கிடங்கில் போட்டார்.

கிடங்கில் மண் மாதிரிகள் இருக்கும். பழைய ஹார்லிக்ஸ் புட்டிகளில் அடைத்து, மெழுகு வைத்து, சீட்டு ஒட்டி, சுவர் நீளத்துக்குப் பலகை மேல் வரிசையாக. புட்டிகளைத் துடைப்பதும் சீட்டு உரிந்தால் புதிது ஒட்டுவதும் வேலை. அடுத்தவராக இருந்தால் மாதத்தில் விட்டுப் போயிருப்பார். எம்பார் அங்கே சந்தோஷமாகவே இருந்தார் என்றுதான் நினைக்கிறேன். சீட்டில் எத்தனை வார்த்தை எழுத வேண்டும் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. எல்லாவற்றையும் தமிழில் தன் இஷ்டம்போல எழுதி ஒட்டினார்.

வீட்டில் வைஜயந்திக்குத்தான் பெரிய நிம்மதி. “இனிமே வெளியில போய் வாயில போட்டுக்க வேண்டாமோல்லியோ?” என்று கேட்டாளாம்.

எழுபத்தாறு தை மாதம் தொழிற்சாலையைத் திறந்தார்கள். ஷாமியானா, நாதஸ்வரம், பெரிய மனிதர் ஒருவர் பொத்தானை அழுத்தினார். சம்மட்டி முதல் அடி அடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மேடையில் இருந்த தண்ணீர்க் கூஜா ஓர் அங்குலம் நகர்ந்ததை ஆசீர்வாதம் பார்த்தார். வயல் போனதில் பிழைப்பும் போன உள்ளூர்க் குடும்பங்களுக்குக் கொடுத்த வேலையில் அவருக்கு அங்கே வாட்ச்மேன் உத்தியோகம் கிடைத்திருந்தது.

“மொத நாளு ஒண்ணும் தெரியல கோபாலு. நாலாவது நாளு மெஷினு லேசா தல சாச்சிகினு நிக்குது, யாரோ கூப்ட மாதிரி. மேனேஜர் ரூமு சொவுத்துல பல்லி ஓடுற மாதிரி விரிசலு. பத்தாவது நாளு மெஷினு நிக்கிற சிமிட்டிக் கட்டு ஒரு சாண் கீழ எறங்கிட்ச்சி. அன்னிக்குத்தான் அய்யிரக் கூட்டாந்து ஹோமம் பண்ணாங்கோ.”

ஹோமத்துக்கு மறுநாள் இன்னும் இரண்டு விரற்கடை இறங்கியது. வெளிநாட்டிலிருந்து மெஷின்காரர்கள் வந்து பார்த்து, எங்கள் மெஷின் நேராகத்தான் இருக்கிறது, உங்கள் பூமிதான் சாய்ந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

விசாரணைக் குழு போட்டார்கள். மூன்று நிபுணர்கள். மண் மாதிரியைப் பார்க்க வேண்டும் என்று அவர்களிடமிருந்து கடிதம் வந்த அன்றைக்கு ராமஸ்வாமி கிடங்குக்கு வந்தார். அவர் அங்கே கால் வைத்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

“ஓய், இந்தப் பழைய புட்டியெல்லாம் எதுக்கு அடைச்சுண்டு? தூக்கிப் போட்டுடும்.”

“எழுத்துல கொடுங்கோ சார், போட்டுடறேன்.”

“மண்ணைத் தூக்கிப் போட எழுத்து வேணுமா?”

“உள்ள வெச்சப்போ எழுதித்தானே வெச்சோம்.”

ராமஸ்வாமி நின்று யோசித்தார். அந்த வாரத்தில் அப்படி ஓர் உத்தரவில் கையெழுத்துப் போடுகிற அளவுக்கு அவர் அசடு இல்லை. புட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

குழு எங்கள் ஆபீசில் கூடியது. சுருக்கெழுத்தில் குறிப்பெடுக்க நானும் உட்கார்ந்திருந்தேன். எம்பார் ஏழாம் துளையின் மூன்று புட்டிகளையும் ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தார், ஏதோ சந்நிதியிலிருந்து பிரசாதம் வருகிற மாதிரி. நிபுணர்களில் மூத்தவர், பொறியியல் கல்லூரியில் முப்பது வருஷம் மண் பாடம் நடத்தியவர், சீட்டைப் பார்த்துப் படித்தார்: ‘அடுப்புக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தது போல. கிளிஞ்சல் உண்டு. தூக்கி வைத்தால் நிற்காது. அடி: சைபர்.’

“ரிப்போர்ட்டில் பத்து என்று இருக்கிறதே.”

“சீட்டுல சைபர்தான் இருக்கு. ரெண்டும் எழுத்து. மண் புட்டிக்குள்ள இருக்கு, பாருங்கோ,” என்றார் எம்பார்.

மெழுகை உடைத்தார்கள். ஏரிச் சேற்று வாசனை குளிர்பதன அறையில் நிரம்பியது. எம்பார் வழக்கம்போல ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லில் வைத்தார். மூத்த நிபுணர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, முப்பது வருஷமாக மாணவர்களுக்கு இப்படிச் செய்யலாம் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவர், முதல்தடவையாகத் தானும் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டார். அவர் முகம் மாறியதைப் பார்த்து எம்பார் பையிலிருந்து தன் செம்பை எடுத்து நீட்டினார்.

“சுத்தமான களி,” என்றார் நிபுணர், வாய் கொப்பளித்துவிட்டு.

அடுத்து என்னைக் கேட்டார்கள், இந்தப் பத்து எப்படி வந்தது என்று. ராமஸ்வாமி என்னைப் பார்த்தார். எம்பாரும் பார்த்தார். நான் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு, “டைப் அடித்ததில் தவறியிருக்கலாம்,” என்றேன்.

“மூன்று இடத்திலுமா?”

“ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன, சார்.”

எம்பார் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போய்விட்டார். நான் எழுதிய சுருக்கெழுத்தை அன்று என்னாலேயே திரும்பப் படிக்க முடியவில்லை.

இரண்டு மாதத்தில் குழு அறுபத்தெட்டுப் பக்கத்தில் தீர்ப்புச் சொன்னது. இந்த இடத்து மண் எதிர்பார்த்தபடி ஒத்துழைக்கவில்லை. துளை போட்டதற்கும் கட்டியதற்கும் நடுவில் பெய்த இரண்டு மழையில் அதன் குணம் மாறியிருக்கவும் கூடும். தட்டச்சில் நேர்ந்த பிழை வருந்தத்தக்கது. இனிமேல் புட்டிகளின் மேல் ஒட்டும் சீட்டு இங்கிலீஷில் இருக்க வேண்டும். மண் ஏன் இப்படி நடந்துகொண்டது என்று விரிவாக ஆராய ஓர் அனுபவம் வாய்ந்த கம்பெனியை நியமிக்கலாம். நியமித்தார்கள். எங்களைத்தான். அந்தப் புதிய ரிப்போர்ட்டையும் நானே டைப் அடித்தேன். அதற்கு முன்னால், கவனக் குறைவுக்காக எனக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தையும் நானே அடித்து, நானே ராமஸ்வாமியிடம் கையெழுத்து வாங்கி, நானே பெற்றுக்கொண்டேன்.

சம்மட்டியைக் கழற்றி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பெரிய ஷெட் ஒரு வருஷம் சும்மா கிடந்தது. பிறகு யாரோ அதை எடுத்து இலவம்பஞ்சு மெத்தை தைக்க ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பூமி அசையவில்லை.

மூத்த நிபுணர் மட்டும் ஒரு காரியம் செய்தார். எம்பாருக்குக் கைப்படக் கடிதம் எழுதித் தன் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார். குழுவில் எழுத முடியாததை இப்படியாவது எழுதலாம் என்று நினைத்தாரோ என்னவோ. எழுபத்தேழில் எம்பார் போனார். என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார்.

இரண்டு வருஷம் கழித்து வேப்பம்பட்டில் ஒரு மனை வாங்கி வீடு கட்டினார். வைஜயந்தி ஆசைப்பட்ட மனை. அதுவும் களிமண், கோடையில் வெடித்து மழையில் உப்புகிற ரகம். ஆசீர்வாதத்தைக் கூப்பிட்டு நாலு மூலையிலும் தோண்டிப் பார்த்துவிட்டு, களியெல்லாம் தாண்டி அடியில் இருந்த சுக்கான் பாறை வரைக்கும் கான்கிரீட் தூண் இறக்கினார். அதோடு கையில் இருந்தது தீர்ந்தது. மேலே ஒரு கூடமும் ஒரு தளிகையறையும்தான் எழும்பின. கிருகப்பிரவேசத்துக்கு நான் போயிருந்தேன். வைஜயந்தி எல்லோருக்கும் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். நாலு எட்டில் முடிந்துவிட்டது.

“மத்தவாளெல்லாம் ஊருக்குத் தெரியறாப்பல மாடி கட்டுவா. இவர் மாடியைக் கீழ கட்டியிருக்கார். யாருக்குக் காட்டறது, சொல்லுங்கோ,” என்றாள்.

எம்பார் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

வேப்பம்பட்டுக்கு அடுத்த ஸ்டேஷன் திருநின்றவூர். நான் வீடு கட்டியது அங்கே, அதே வருஷம். அஸ்திவாரம் தோண்டும்போது அவரைக் கூப்பிட வேண்டும் என்று என் மனைவி இரண்டு தடவை சொன்னாள். நான் கூப்பிடவில்லை. வந்தால் உள்ளதைச் சொல்லிவிடுவார், அப்புறம் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கொத்தனாரைக் கேட்டேன். மண் மீடியம் சார் என்றார். அந்த வார்த்தை அவர்வரை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

முதல் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள் எம்பார் தன் பெண்ணின் காதுகுத்தலுக்கு அழைக்க வந்தார். என் கூடத்துச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து தரை நோக்கி ஒரு விரிசல் சாய்வாக இறங்கியிருந்தது. காலண்டரை மாட்டி மறைத்திருந்தேன், அதற்கும் கீழே வந்துவிட்டது. அவர் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். விரிசல் முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு சின்னக் கோடு கிழித்து, பக்கத்தில் அன்றைய தேதியைப் பொடி எழுத்தில் எழுதினார்.

“தாண்டறதான்னு பாரும்,” என்றார். “தாண்டினா சொல்லி அனுப்பும், வரேன்.”

என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் மனைவி, குழந்தைகள், கல்லூரி என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, ஆறு இருபது வண்டிக்குக் கிளம்பிப் போனார். கார்த்திகையில் விரிசல் கோட்டைத் தாண்டியது. நான் சொல்லி அனுப்பினேன்.